கிரீஸ் டப்பாவில் ஐந்து விரல்

வடமாலபேட்டை,
8-1-2025

புனேயில் இருக்கும் என் மகள் யாமினிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் நல்லபடியாக இருக்கிறோம். மற்றது எதுவும் நல்லபடியாக இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். காது மந்தம் என்று உன் நைனா எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுகிறார். நாம் பேசுவது ஆலைவரை கேட்கும். தமிழில் எழுதினால் தபால்காரர் பிரித்துப் பார்த்தாலும் புரியாது, அவருக்குத் தெலுங்கு மட்டும்தான் படிக்க வரும்.

விஷயம் நீ அனுப்பிய கிரீஸ். ஆமணக்கு எண்ணெயில் உங்கள் லேபில் செய்தது, கரும்பு ஆலைப் பல்சக்கரத்துக்குப் போடு, சாற்றில் சொட்டினாலும் கெடுதல் இல்லை, மண்ணில் விழுந்தால் மக்கிவிடும், கீறல் விழுந்தால் தானே மூடிக்கொள்ளும் என்றெல்லாம் சொன்னாய். கிரீஸுக்குக் காயம் ஆறுமாம்! விற்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் அளப்பார்கள், நீயும் கற்றுக்கொண்டாய் என்று நினைத்தேன். உன் மூன்று வருஷ உழைப்பு, ஒரு ஸ்பூன்கூட வெளியே போகக் கூடாது என்றாயே, அதை மட்டும் நம்பினேன்.

டப்பா இருக்கும் ஆலையின் சாவி முனியப்பனிடம் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக நம் ஆலையை ஓட்டுகிறவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போன மாதம் புத்தூரில் ஆயில் கடை வைத்திருக்கும் ஹரிபாபுவோடு டீக்கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். ஏன் மூட வேண்டும்?

யாராவது எடுத்தால் தெரியட்டும் என்று அரிசி டிரம்மில் நான் வழக்கமாகச் செய்வதை இதிலும் செய்தேன். சாயந்திரம் ஐந்து விரலையும் கிரீஸில் ஆழமாகப் பதித்து மூடிவிட்டு வந்தேன். காலையில் திறந்தால் பதிவே இல்லை. வழவழவென்று இருக்கிறது. மூன்று நாள் செய்து பார்த்தேன், மூன்று நாளும் இதே கதை. உன் நைனா தராசில் வைத்துப் பார்த்து எடை சரியாக இருக்கிறதே என்றார். அங்கேதான் என் சந்தேகம் உறுதியானது. எடுத்த அளவுக்கு மட்டமான கிரீஸைக் கலந்து மேலே தடவி வைத்திருக்கிறான்.

நேற்று கரும்பு வெட்டுகிற ஆட்கள் முன்னாலேயே அவனைக் கேட்டுவிட்டேன். நானு துன்ற சோத்துமேல சத்தியமா தொடலம்மா என்றான். சோற்றின் மேல் யார் வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம் என்றேன். அப்படின்னா காணிப்பாக்கம் பிள்ளையார் எதிர்லயே சொல்றேன் என்றான். அந்தக் கோயில் குளத்தில் முழுகிப் பொய் சொல்ல எவனுக்கும் துணிச்சல் வராது. போக மாட்டான், நீ வேண்டுமானால் பார்.

மாத்திரை டப்பாவில் கொஞ்சம் கிரீஸ் அடைத்து இதோடு அனுப்புகிறேன். கலப்படத்தைக் கண்டுபிடித்துச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. உன் உழைப்பு எவன் கைக்கும் போகாமல் அலமேலுமங்கைத் தாயார் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா செங்கம்மா

வடமாலபேட்டை,
29-1-2025

யாமினிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். அன்று போனில் நீ பேசி முடிப்பதற்குள் நான் எழுந்து போய்விட்டேன் என்று வருத்தப்படாதே. கலப்படம் இல்லை, கீறல் மூடுவதுபோல விரல் பதிவும் சில மணி நேரத்தில் தானே மூடிக்கொள்ளும் என்றாய். ஸ்பீக்கரில் உன் நைனாவும் கேட்டார்.

நான் உன்னையும் நம்பவில்லை. முனியப்பனைக் காப்பாற்றத்தான் சொல்கிறாயோ என்று தோன்றியது. மறுநாள் காலை மறுபடி விரல்களைப் பதித்து, டப்பாவின் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. பதினோரு மணிவாக்கில் சுண்டுவிரல் குழி ஓரம் சரிந்து நிரம்பியது. பிறகு ஒவ்வொன்றாக மூடின. மூன்று மணிக்கு என் கை அங்கே பட்டதற்கு அடையாளமே இல்லை. ஒரு ஈ காக்கா கிட்டே வரவில்லை, யாமினி.

உன்னிடம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. என் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் முனியப்பன் காணிப்பாக்கம் போய்விட்டார். மனைவி கமலம்மாவையும் கூட்டிக்கொண்டு, திருப்பதியில் பஸ் மாறிப் போய், இந்தக் குளிரில் முழுகி ஈரத்துணியோடு நின்று சத்தியம் செய்துவிட்டு வந்தார். பிரசாதத்தை ஆலை மேடையில் வைத்தார், சாவியை உன் நைனா கையில் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. அப்போதும் நான், துணிந்த கட்டை என்று அவர் காதில் விழும்படி சொன்னேன்.

முனியப்பன் ஹரிபாபுவிடம் பேசியது தன் மகன் பவன்குமாருக்குக் கடையில் வேலை கேட்கத்தானாம். நமக்குத் தெரிந்தால் தப்பாக நினைப்போம் என்று பேச்சை நிறுத்தினார்களாம். நினைத்திருப்பேன்.

வெட்டுகிற ஆட்களைக் கூப்பிட்டு, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அது அவ்வளவு கஷ்டமாக இல்லை. உன் நைனாவை முனியப்பன் வீட்டுக்கு அனுப்பினேன். கோவம்லாம் இல்ல, சாவிய வாங்கிக்கத்தான் கை வரல என்றாராம். கமலம்மா மட்டும், அம்மா எங்க ஊட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லயே என்று கேட்டாளாம்.

அது நிஜம். அவர்கள் நம் வாசலில் வந்து நிற்பார்கள், நான் அவர்கள் தெரு முனையைத் தாண்டியதில்லை. பவன்குமார் பிறந்தபோதுகூடத் துணிமணியை உன் நைனாவிடம் கொடுத்தனுப்பினேன். நேற்று கிளம்பி அந்த முனைவரை போனேன். கமலம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். வாங்கும்போது என் கை ஒரு நொடி தயங்கினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயத்தில் திரும்பி வந்துவிட்டேன்.

ஆலை நின்றிருக்கிறது, கரும்பு காய்கிறது. அதற்காகக் கூப்பிடவில்லை. ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வாம்மா. சின்ன வயதில் நீ எனக்குத் தெரியாமல் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறாய். எனக்குத் தெரியும், தெரியாததுபோல இருந்துவிட்டேன். என்கூட வா. கமலம்மா தண்ணீர் கொடுத்தால் முதலில் நீ வாங்கிக் குடி. உன்னைப் பார்த்து நானும் குடிக்கிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா