பயணத் திட்டத்தில் இல்லாத ஊர்

கண்டி, 12 மார்ச் 1936

அன்பு மகள் செசிலியாவுக்கு,

ஆண்டவர் உங்களைக் காக்கட்டும். பாலக்கரை வீட்டில் எல்லாரும் சுகமா? மாப்பிள்ளையின் இருமல் நின்றதா?

இலங்கையில் எவற்றைப் பார்க்கலாம் என்று கேட்டிருந்தாய். அனுராதபுரத்துக்கு இரண்டு நாள் ஒதுக்கு. சிகிரியாக் குன்றில் விடியலிலேயே ஏறிவிடு, வெயில் பொறுக்காது. போன மாதம் நான் மேற்பார்க்கும் விடுதிப் பெண்களோடு போனபோது பாதியில் கால் சறுக்கியது.

"அம்மா, இங்கயே உக்காருங்க. மேல வந்தா உங்கள இறக்குறது எங்க பாடு" என்றார் வழிகாட்டி.

உட்கார்ந்துவிட்டேன். வீக்கம் வடிந்துவிட்டது, கவலைப்படாதே. வரும்போது அலமாரிக்குப் பின்னால் உள்ள உன் அப்பாவின் கைத்தடியைக் கொண்டு வா.

விடுதி மணி அடிக்கிறது. நீ எழுதிய பயணத் திட்டத்தில் கண்டி இல்லை. இங்கே ஏரி இருக்கிறது, புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகை இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

உன் அம்மா,
மதலேனம்மாள்