குப்பத்து மாடியில் பச்சை விளக்கு

ஐப்பசி 5, திங்கள்

மேகமூட்டம். காலையிலிருந்தே கடல்காற்று. புதுச்சேரி சாரத்து வீட்டிலிருந்து மீனவர் குப்பத்துக்கு எதிர்காற்றில் சைக்கிள். காக்காய் பின்பக்கமாகப் பறந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

தகவல் மையத்து மாடி டிஷ் மறுபடி தகராறு. படம் பார்க்கிற டிஷ் இல்லை இது. அலை எத்தனை உயரம், காற்று எந்தப் பக்கம் என்று செயற்கைக்கோள் வழியாக வரும் செய்தியைப் பிடிப்பது. கஸ்தூரி அதைக் கம்ப்யூட்டரில் பார்த்து மைக்கில் படிப்பாள். கேட்டுவிட்டுத்தான் படகு தள்ளுவார்கள். அவள் புருஷன் மாரியும்தான்.

இதைக் கவனிக்கிற மெக்கானிக் நான். புதுச்சேரியிலேயே ஒருவன்தான் என்று எழுதினாலும் பெரிய பொய்யில்லை.

சென்னை இன்ஜினியர் போன்.

"உங்க லைன் சும்மா சும்மா விழுது சார். வியாழக்கெழம வண்டியோட வர்றேன். அப்பவும் இப்படியே இருந்தா டிஷ்ஷக் கழட்டி வேற ஊருக்குக் குடுக்கச் சொல்லிட்டாங்க."

"தம்பி, நான் நிறுத்துன டிஷ் புயலுக்கே அசையாது" என்றேன். (நிறுத்தியது அவர்கள் ஆள். நட்டு முறுக்கியது நான்.)

மழைக்காலம் தொடங்குகிற நேரத்தில் கழற்றிக்கொண்டு போவதா? விடமாட்டேன்.

வாங்க: நட்டு, வாஷர், கறுப்பு டேப், துரு எண்ணெய். வீட்டுக்காரி சரோஜாவுக்குத் தலைவலித் தைலம்.

ஐப்பசி 6, செவ்வாய்

வெயில் கொஞ்சம். காற்று நிற்கவில்லை.

நட்டு எல்லாம் மாற்றியாயிற்று. கேபிள் முனை புதுசு. பேட்டரிக்குத் தண்ணீர். கீழே பெட்டியில், லைன் இருந்தால் எரிகிற பச்சை விளக்கு வரும், போகும். போனால் திரும்பி வர ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம். வந்த பச்சை, கிளாஸைக் கழுவுவதற்குள் போய்விடுகிறது.

கஸ்தூரிக்கு விளக்கம் சொன்னேன். "தெருக்குழாய் வரிசைதான்மா இது. மேல ஒரே குழாய். ஊரூருக்கு ஒரு பெட்டி. அதது மொற வரும்போது டக்குனு கொடத்த வைக்கணும். துளி பெசகுனா வரிசைலேருந்து தள்ளிடுவான். மறுபடியும் கடேசில போய் நிக்கணும்."

"நம்ம கொடம் ஏன் மாமா பெசகுது?"

"அதான் ஆராய்ச்சி பண்றேன்."

"சனிக்கெழம ஆயுத பூஜலேருந்து ஆராய்ச்சிதான் நடக்குது. இன்னிக்கும் அலை உயரம் வரல. மாரி கடலுக்குப் போய்ட்டாரு. மானத்துல மேகத்தப் பாத்துக்கினு போறேன்றாரு."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி மாடி ஏறினேன்.

மாரி இருட்டுவதற்குள் திரும்பிவிட்டான். அப்புறம்தான் நான் வீட்டுக்குக் கிளம்பினேன். சரோஜா: "குப்பத்துலயே பாய் போட்டுக்குங்களேன்." தைலம் மறந்துவிட்டேன்.

ஐப்பசி 7, புதன்

தூறல். கண்டுபிடித்துவிட்டேன்!

முற்பகல். மாடி. காற்றுக்குத் தடுமாறி டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கையில் சாய்ந்தேன். கீழேயிருந்து கஸ்தூரி: "பச்சை வந்துடுச்சு மாமா!" சரி என்று விலகினேன். கொஞ்ச நேரத்தில்: "போச்சு மாமா!" மறுபடி சாய்ந்தேன். பச்சை. நம் உடம்பில் காந்தம் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் தோளில் ஏதோ இடிக்கிறது. பார்த்தால் அந்தக் கையில் கட்டித் தொங்கும் திருஷ்டிப் பூசணிக்காய். ஆயுத பூஜைக்குக் குப்பத்துப் பஞ்சாயத்தார் கட்டியது. லாரிக்கும் லேத்துக்கும் கட்டுவதுதானே, இத்தனை நாள் கண்ணில் பட்டும் படவில்லை. கையின் முனையில்தான் செய்தியைப் பிடிக்கிற டிஷ்ஷின் வாய். காற்றில் காய் ஆட, வாய் ஆட, முறை தப்புகிறது.

அவிழ்க்கப் போனால் தலைவர் காத்தவராயன் படியேறி வந்துவிட்டார்.

"யோவ் முசியே, கைய எடு. திருஷ்டிக்குக் கட்னது தானா அழுகி வுழணும். நடுவுல அவுத்தா ஊருக்கு ஆவாது." (பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன 'ஐயா'தான் இங்கே முசியே.)

"தலைவரே, அது அழுகறதுக்குள்ள டிஷ்ஷே போய்டும்."

"போனா போவட்டும். படகுக்கு எதுனா ஆச்சின்னா நீயா வந்து பதில் சொல்லுவ?"

காற்று, எடை என்று சொன்னால் காதில் போட்டுக்கொள்கிற முகம் இல்லை. சட்டென்று வந்தது எனக்கு. மூளை அப்படி.

"காய் நல்லாத்தான் வேலை செய்யுது தலைவரே. அங்கதான் வம்பு. மேலேருந்து செயற்கைக்கோள் நம்மளப் பாக்குது. அதோட கண்ணும் கண்ணுதானே? கெட்ட கண்ண வெரட்டற காயி நல்ல கண்ணையும் சேத்து வெரட்டுது."

தலைவர் வானத்தைப் பார்த்தார்.

"அது கண்ணு எவ்ளோ பெருசு?"

"தேர்ச் சக்கரம் அளவு."

"அவ்ளோ பெருசுன்னா பட்டுக்கினுதான் இருக்கும்." அவரே அவிழ்த்தார். கீழே வாசல் நிலையில் அவர் கையாலேயே கட்டினார். மனுஷன் கண்ணுக்கு அங்கே காய், கோள் கண்ணுக்கு இங்கே வழி. எல்லாருக்கும் சம்மதம்.

சாயங்காலம் வரை பச்சை. காற்று ஏறியும் பச்சை. கஸ்தூரி பெட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்து சோறு தின்றாள்.

ஐப்பசி 8, வியாழன்

விடியும்போதே மழை. கூரைத் தகரம் கிழிகிற சத்தம்.

இன்ஜினியர் வந்துவிட்டான். வேன், ஏணி, ஸ்பேனர் பெட்டி, இரண்டு ஆள். "கழட்டத்தான் வந்தேன் சார். தப்பா நெனைக்காதீங்க."

"மொதல்ல விளக்கப் பாரு தம்பி."

பார்த்தான். அந்த நேரம் பார்த்தா கரண்ட் போக வேண்டும்! பேட்டரி பிடித்துக்கொண்டது. பச்சை சிமிட்டக்கூட இல்லை. எனக்கு வேர்த்தது, மழை என்று துடைத்துக்கொண்டேன். அவன் சென்னைக்குப் போன் போட்டான். ரொம்ப நேரம் "ம்... ம்..."

"நேத்துலேருந்து ஒரு தடவகூட விழலையாம் சார். என்னா பண்ணீங்க?"

"முன்கையில் இருந்த காற்றுச் சுமையைக் கணக்குப் போட்டு இறக்கினேன்." எழுதிக்கொண்டான். வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

வேன் டிஷ் இல்லாமல் திரும்பியது. இறக்கிய ஏணியை அப்படியே ஏற்றிக்கொண்டார்கள்.

மதியம் அலைச் செய்தி முழுசாக வந்தது. கஸ்தூரி மைக்கில்: "அலை ரொம்ப உயரம். இன்னிக்கும் நாளைக்கும் யாரும் எறங்காதீங்க." வலையைப் படகில் ஏற்றி வைத்திருந்த மாரி உள்ளே வந்தான். "இன்னா மாமா, இத்தன நாளு அணைஞ்ச வெளக்கு இன்னும் ரெண்டு நாளு அணைஞ்சிருக்கக் கூடாதா? இப்பத்தான் மீனு வருது."

கஸ்தூரி திரும்பினாள். திட்ட ஆரம்பித்தாள். அவன் பரம்பரை வரைக்கும் போனாள். மைக்கை அணைக்கவில்லை. குப்பம் முழுக்கக் கேட்டது. ஒரு படகும் இறங்கவில்லை.