காதுக்கு எட்டாத கை

உத்திரமேரூர்
24-6-84, ஞாயிறு

என் அன்பு முத்துகிருஷ்ணனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் வெயிலைத் திட்டிக்கொண்டே சுகமாகத்தான் இருக்கிறோம். பிலாய் வெயில் இதைவிடக் கொடுமை என்கிறார்கள், நீயும் மருமகளும் குழந்தையும் உடம்பை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று நாலு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். நைனாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஏரி வறண்டு கிடக்கிறது, சொர்ணவாரிப் பயிரைக் கிணற்றுத் தண்ணீர்தான் காப்பாற்றுகிறது. போன கடிதத்தில் பாதி எழுத்துக்கு நீ புள்ளியே வைக்கவில்லை, வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற பேச்சை எதற்கடா மெய்யாக்குகிறாய்?

நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் முப்பதாம் தேதியோடு ஐம்பத்தெட்டு முடிந்து எனக்கு ரிடையர். அம்மா, ஜாதகப்படி நீ பிரபவ வருஷம், 1927 ஐப்பசியில் பிறந்தவள், பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் 5-6-1926 என்று பதினாறு மாதம் கூட்டி எழுதிவிட்டார்கள், மனுப் போட்டுத் திருத்து, இன்னும் பதினாறு மாதம் வேலை பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். ஒளிப்பானேன், எனக்கும் அது வேண்டும் என்றுதான் இருந்தது. முப்பத்தாறு வருஷமாக ஒன்பதேகால் மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பூட்டைத் திறந்த கை இது. ஒன்றாம் தேதி காலையில் இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

இந்த ஒரு மாதமாக நான் நானாகவே இல்லை முத்து. மத்தியானம் பிள்ளைகள் சத்துணவு சாப்பிட்டுவிட்டு வாய்ப்பாடு சொல்லும்போது அந்த ராகத்திலேயே எனக்குக் கண் சொருகிவிடுகிறது. ஓட்டுச் சந்து வழியாக வெயில் இறங்கித் தரையில் வட்டம் வட்டமாகக் கிடக்கும், அது மெல்ல நகர்ந்து ஒவ்வொரு பிள்ளையின் மடியாக ஏறி இறங்கும், பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்போது எப்போதும் ஒரே கனவு. பிள்ளைகளைச் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து இடது காதைத் தொடச் சொல்வோமே, எட்டினால் ஐந்து வயது, எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வா என்று அனுப்புவோமே, அப்படித் தலைமேல் கை வைத்த பிள்ளைகளாக ஒரு வரிசை. பள்ளிக்கூட வாசலில் தொடங்கி ஏரிக்கரைமேல் ஏறிக் கண்ணுக்கு எட்டாத தூரம் போகிறது. எல்லாம் நான் சேர்த்த பிள்ளைகள். நடுவிலே நானும் சின்னக் குழந்தையாக நிற்கிறேன், என் தலைமேல் யாருடைய கையோ சூடாகப் படுகிறது, மூக்குப்பொடி வாசனை அடிக்கிறது, முகம் மட்டும் தெரியவே தெரியாது. விழித்தால் வாய்ப்பாடு பதினாறில் நிற்கும்.

ஏ.இ.ஓ. ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் ஏகாம்பரத்தைப் போய்க் கேட்டேன், என்னிடம் ஒன்றாவது படித்தவன்தான். "பழைய ஸ்கூல் ரிஜிஸ்தர் நகல வாங்கி ஜாதகத்தோட வெச்சிக் குடுங்க டீச்சர், நான் மேல தள்ளி வுடறேன், கெடச்சா உங்க அதிர்ஷ்டம்" என்றான். மனுவை அவனே இரண்டு தாளில் டைப் அடித்தும் கொடுத்தான். போன புதன்கிழமை லீவு போட்டுவிட்டு, காஞ்சிபுரத்தில் பஸ் மாறித் திருப்புட்குழிக்குப் போனேன், நான் பிறந்து முதன்முதல் படித்த ஊர். அங்கே இப்போது ஹெட்மாஸ்டர் முகம்மது கௌஸ், தங்கமான மனுஷர், கரையான் அரித்த ரிஜிஸ்தரைத் தாமே தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேர்த்த தேதி 5-6-1931, பிறந்த தேதி 5-6-1926. என்னோடு அன்றைக்குச் சேர்ந்த ஏழு பிள்ளைகளும் 5-6-1926லேயே பிறந்திருக்கிறார்கள்! தேதி தெரியாத பிள்ளைக்கு அன்றைய தேதியில் ஐந்து வருஷம் கழித்துப் போடுகிற வித்தை, ஆயுசு முழுக்க நானும் அதைத்தானே செய்தேன்.

சரி, எனக்குத்தான் ஜாதகம் இருந்ததே, அன்றைய வாத்தியார் ஏன் கூட்டி எழுதினார் என்று அந்த ஊரிலேயே இருக்கும் எல்லம்மாள் அத்தையைக் கேட்டேன். எண்பது வயது, கண் மங்கிவிட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. "இன்னாடி இப்போ வந்து கேக்கற? உங்க அம்மா செத்து மூணு மாசங்கூட ஆவல, உங்க நைனா உன்னத் தோள்ல போட்டுக்கினு வூட்டுக்கும் வயலுக்கும் அலைஞ்சிக்கினு இருந்தாரு. வாத்தியாரு பாத்துட்டு, பொண்ண எங்கிட்ட வுட்டுட்டு ஏர் ஓட்டப் போய்யான்னாரு. உன் கையி காதுக்கு எங்கடி எட்டிச்சி? அவருதான் மூக்குப்பொடிக் கையால உன் தலயப் புடிச்சி இப்டி சாச்சி, எட்டுது எட்டுதுன்னு எழுதிக்கினாரு" என்று என் தலையைப் பிடித்துச் சாய்த்தே காட்டினாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது முத்து. அந்தச் சாய்ப்பு என் கைக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் வழியில்லாத நாலைந்து பிள்ளைகளை நானும் அப்படித்தான் சேர்த்திருக்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை, நானே கண்டுபிடித்த தந்திரம் என்று உள்ளூரக் கர்வம் வேறு. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணை மூடினால் அந்த வரிசை, அந்தக் கை, அந்த வாசனை. இப்போது யார் என்று தெரிந்துவிட்டது.

மறுநாள் மனுவைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டே பள்ளிக்கூடத்தைத் திறந்தேன், வாசலில் நடவுக்குப் போகும் பாஞ்சாலி தன் மகள் பச்சையம்மாவோடு நிற்கிறாள். "வரப்புல குந்த வெச்சிட்டு நடறேன் டீச்சர், பக்கத்துலயே கெணறு கீது, எனுக்கு நெஞ்சு அட்சிக்கினே கீது" என்றாள். என்ன வயது என்றால், "ஏரி ரொம்பி வழிஞ்சி கோடி போச்சே, அந்த வருசம்" என்கிறாள். கணக்குப் போட்டால் நாலுகூட ஆகவில்லை. கையைத் தூக்கச் சொன்னேன், இரண்டு விரற்கடை எட்டவில்லை. அந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு எக்கி எக்கிப் பார்க்கிறது. நான் யோசிக்கவே இல்லை, என் கை தானாகப் போய் அந்தத் தலையைச் சாய்த்தது. எட்டுகிறது பாஞ்சாலி, நீ நடவுக்குப் போ என்றேன். 21-6-1979 என்று எழுதினேன். இன்னும் ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து இவளும் ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு என்னைத் திட்டுவாள், திட்டட்டும்.

அதனால் மனு கொடுக்கவில்லை. அந்தப் பதினாறு மாதத்தை எனக்கு மூன்றரை வயதிலேயே கொடுத்துவிட்டார்கள், மறுபடியும் எந்த முகத்தோடு கேட்பேன்? இந்தத் தாளைத் திருப்பிப் பார், ஏகாம்பரம் டைப் அடித்த மனுதான், நல்ல பேப்பர், வீணாக்குவானேன் என்று உனக்கு எழுதுகிறேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய், ஒன்றாம் தேதியை நினைத்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. ஆடி கழிந்ததும் நானும் நைனாவும் பிலாய் வருகிறோம், டிக்கெட்டுக்கு எழுதிவிடு. வெயிலில் தலைக்குத் துண்டு கட்டாமல் போகாதே.

குழந்தைக்கு முத்தம், மருமகளுக்கும் உனக்கும் என் ஆசி, வரதராஜப் பெருமாள் உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். மறக்காமல் ஒன்று. உன் சர்ட்டிபிகேட் தேதி உன் ஜாதகத்தோடு ஏன் பொருந்தவில்லை என்று உன் கல்யாணத்தின்போது கேட்டாய், ஆபீஸ் தப்பு என்று சொல்லிவிட்டேன். ஆபீஸ் தப்பு இல்லை. உன்னை விட்டுவிட்டு வர வீட்டில் ஆள் கிடையாது, வாசலில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நீ அழுதாய். உன் கையும் எட்டவில்லையடா.

உன் தலையைச் சாய்த்துப் பிடித்த
அம்மா
வீ. ஆதிலட்சுமி