சட்டைப் பையில் கிடந்த நட்டு

என்னங்க,

கார் சாவியைத் தேட வேண்டாம். மாற்றுச் சாவியோடு சேர்த்து என் கைப்பையில் இருக்கிறது. துவைக்க எடுத்த உங்கள் நேற்றைய சட்டையிலிருந்து பெரிய நட்டு ஒன்று விழுந்தது. நீங்கள் மாட்டிய புது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிப்பது இதுதானே? வண்டியைப் பூட்டவில்லை; ஸ்டியரிங் நடுவிலுள்ள ஹாரன் மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

எழுப்பியே சொல்லியிருப்பேன். நேற்றிலிருந்துதான் நமக்குள் பேச்சில்லையே. "ஸ்போர்ட்ஸ் காரைப் பத்தி உனக்கென்ன தெரியும்" என்றீர்கள். தெரியாதுதான். ஆனால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மாடிவீட்டுக்காரரிடம் அரைமணி நேரம் பெருமையடித்தது ஜன்னல் வழியாக நன்றாகவே கேட்டது. இன்று சாயங்காலம் நம் மகளை ஓட்டச் சொல்லப் போகிறீர்களாமே. அதையும் அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பதினோரு மணிக்கு மெக்கானிக் வருவார். கதவைத் திறந்துவிடுங்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். சோறு அடுப்பில், நட்டு உப்பு டப்பா பக்கத்தில்.

மீதிச் சண்டை நான் வந்த பிறகு.

இன்னொன்று: காலையில் மறுபடி படுக்கும் முன் அந்த வண்டியில் போய்த்தான் பால் வாங்கி வந்தீர்கள். தெருமுனையில் ஒற்றைக் கையால் திருப்பியதை, கோபத்திலும், ரசித்துக்கொண்டுதான் நின்றேன். அப்போது இந்த நட்டு அழுக்குத் துணிக் கூடையில் கிடந்திருக்கிறது.