ஹாரன் அடித்தபோது சிரித்தவர்கள்

என் பாசத்துக்குரிய அப்பா,

உங்கள் படம் வந்துவிட்டது. குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்க வேண்டிய படம் என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். உங்கள் வேடத்தில் நடித்தவருக்குத் தொப்பை உண்டு. ஆனால் மூக்குக்கண்ணாடியை ஒயரால் கட்டியிருந்தது அப்படியே நீங்கள்தான்.

கதை சொன்னது நான். புதுக்கடை ஊரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து டைரக்டர் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். மழைக்காலத்தில் மீன் காயவைக்க ஃபேன் கட்டி, ஊர்ப் பூனைகளையெல்லாம் வீட்டுக்கு வரவழைத்தீர்களே, அதைச் சொன்னேன். பிறகு ஹாரனையும் சொன்னேன்.

தனியாக வள்ளத்தில் போகிறவன் கடலில் விழுந்தால் கரைக்குத் தெரிய வேண்டும் என்றுதானே அதைச் செய்தீர்கள்? களியக்காவிளையில் பழைய சாமான் கடையில் வாங்கிய பஸ் ஹாரன், ஒரு பேட்டரி, சுவிட்சிலிருந்து உங்கள் இடுப்புக்கு ஒரு கயிறு. ஆள் விழுந்தால் கயிறு இழுத்து ஹாரன் பாட வேண்டும். அது நீங்கள் குனிந்தாலும் பாடியது, தும்மினாலும் பாடியது. முதல் இரண்டு தடவை ஆட்கள் பதறிக்கொண்டு வள்ளம் தள்ளி வந்தார்கள். நீங்கள் பீடி குடித்தபடி கையசைத்தீர்கள். அதன் பிறகு யாரும் வரவில்லை.

கடைசி நாளும் அது அடித்தது, அப்பா. அம்மா அன்று கோட்டாறுக்குப் போயிருந்தாள். நாங்கள் நாலைந்து பேர் மணலில் வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தோம்.

"அப்பா பின்னயும் தும்மிட்டாருல" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஹாரன் நிற்கவே இல்லை. பேட்டரி தீர்ந்து அது ஓய்ந்த பிறகுதான் நான் ஊசியை வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தேன். கால் வழுக்கியதா, நெஞ்சு வலித்ததா? மறுநாள் காலையில் கரை ஒதுங்கினீர்கள். சிரித்த நாங்கள்தான் உங்கள் சவப்பெட்டியையும் சுமந்தோம். அம்மாவிடம் வாய் திறக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.

அந்தத் தும்மல் பேச்சை டைரக்டரிடம் ஏன் சொன்னேன்? அது எந்த நாளில் பேசிய பேச்சு என்று மட்டும் சொல்லவில்லை. இன்னொருவர் சிரித்துவிட்டால் அது வெறும் தமாஷாகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, அப்பா.

நான் எவ்வளவு தட்டிக்கழித்தும் அம்மா விடவில்லை. தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். திரையில் ஹாரன் அடித்தது. கரையில் நின்றவன் என் பேச்சை அப்படியே பேசினான். தியேட்டரே குலுங்கியது. படத்தில் நீங்கள் சொட்டச் சொட்ட நனைந்து கரையேறி, ஒரு தும்மல் போட்டீர்கள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "மக்கா, அன்னைக்கும் ஹாரன் அடிச்சுதா?"

"இல்லம்மா. ஒயரு அறுந்து கெடந்துது."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

இன்று காலை நான் கரையில் இருந்தபோது நம் வீட்டுப் பக்கமிருந்து அந்த ஹாரன் கேட்டது. வலையைக் கீழே போட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடினேன். புறவாசலில் அம்மா நின்றாள். வள்ளத்திலிருந்து கழற்றிக் கட்டிலுக்கடியில் போட்டிருந்ததை எடுத்து என் பைக் பேட்டரியில் மாட்டியிருந்தாள். உங்களுக்குக் குறடு எடுத்துக் கொடுத்தே ஒயர் வேலை படித்தவள் அல்லவா? விரல் சுவிட்சில் இருந்தது.

"இப்ப மட்டும் ஓடி வாறியே மக்கா" என்றாள்.

பிறகு உள்ளே போய் எனக்குப் பழையது எடுத்து வைத்தாள். நான் தலை நிமிராமல் தின்றேன்.

நாளை கல்லறைத் திருநாள். உங்கள் தலைமாட்டில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அம்மா பக்கத்தில் நிற்பாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒயர் அறுந்திருக்கவில்லை. அப்பா செய்தது நன்றாகத்தான் வேலை செய்தது. கேட்டுக்கொண்டிருந்த நான்தான் போகவில்லை.

உங்கள் ஹாரனைக் கேட்ட,
உங்கள் மூத்த மகன்.