உன் அறைக்கு ஒரு விட்டம்

என் செல்ல மகன் சுதாமுக்கு அம்மா எழுதுவது. ஜகந்நாதர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் மாடுகளும் நன்றாக இருக்கிறோம், சூரத்தில் உன் உடம்பு எப்படி, தறிச் சத்தத்தில் காது வலிக்கிறது என்றாயே, பஞ்சு வைத்துக்கொள்கிறாயா? ரஜோ பண்டிகைக்கு நீ வருவாய் என்று இந்த வருஷமும் போடோ பிட்டா பலகாரம் சுட்டேன், மூன்று நாள் வைத்திருந்துவிட்டு மாட்டுக்குப் போட்டேன். நீ ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறதடா. உனக்கென்று எழுப்பிய அறை கூரையில்லாமல் நிற்கிறது, மழையில் சுவர் கரையாமல் பனையோலை போட்டு மூடியிருக்கிறேன்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டு என்மேல் கோபப்படாதே. செவ்வாய்க்கிழமை காட்டுக் காவல் நம் வீட்டு முறை, காவல்தடி நம் வாசலுக்கு வந்து சாய்ந்திருந்தது. நானும் எதிர்வீட்டு ஜெமாவும் காலையில் பழைய சோறு குடித்துவிட்டுக் கிளம்பினோம். ஓடைக்கு மேலே கோடாலிச் சத்தம். ஜெமா, “பக்கத்து ஊர்க்காரனுங்கதான்க்கா, இன்னைக்கு முதுகுத்தோல உரிச்சிடறேன்” என்று தடியை ஓங்கிக்கொண்டு ஓடினாள். போய்ப் பார்த்தால் உன் அப்பா! காலடியில் வெட்டிச் சாய்த்த இளம் சால மரம், திருதிருவென்று முழிக்கிறார். “உன் புள்ள அறைக்கு விட்டம் வேணாமா” என்று என்னையே கேட்கிறார். ஜெமா, “நான் ஒண்ணும் பாக்கலக்கா, வா போலாம்” என்றாள். நல்ல மனசு அவளுக்கு. ஆனால் சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு, மலை மொட்டையானதும் ஓடை எப்படி வற்றிப்போனது என்று சொல்லிக்கொடுப்பவள் நான். அந்த முகங்களில் எப்படி முழிப்பேன்? நானே ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். மரம் பள்ளிக்கூடக் கூரைக்குப் போனது. அப்பா ஒரு மாதம் தினமும் தடி தூக்கிக் காவல் போக வேண்டும், பிள்ளைகள் முன்னால் நின்று செய்ததைச் சொல்லவும் வேண்டும் என்று தீர்ப்பு.

சொன்னார் பாவம், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு. ஒரு சின்னப் பெண் எழுந்து, “கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களே தாத்தா, ஏன் கேக்கல” என்றது. நம் ஊர்ச் சட்டம் உனக்குத் தெரியும், வீட்டுக்கு மரம் வேண்டுமானால் அதில் குடியிருக்கப்போகிறவனே கூட்டத்தில் எழுந்து கேட்கவேண்டும். மற்றவர் பேரைச் சொல்லி வெட்டி விற்கிறார்கள் என்று அந்தச் சட்டத்துக்கு முதலில் கை தூக்கியவளே நான்தான். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, “கேக்கவேண்டியவன் இனிமே எங்கம்மா வரப்போறான்” என்றார். ஐயோ சுதாம், எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மனுஷன் நீ வரமாட்டாய் என்று மனசுக்குள் முடிவுகட்டியிருக்கிறார், வாய்திறந்து என்னிடம்கூடச் சொல்லாமல். அதனால்தான் திருடப்போனார். நாலு நாளாக என்னோடு பேச்சில்லை, சோறு வைத்தால் சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள் அடுத்த ஊர்க்கூட்டம், நீயே வந்து எழுந்து கேள். உனக்காக நான் கேட்க முடியாது, கொடுக்கிறோம் என்றாலும் நானே வேண்டாம் என்பேன். முதலாளியிடம் இப்போதே லீவு சொல்லிவை. ரயிலில் வெளிச்சாப்பாடு வாங்காதே, அவல் கட்டிக்கொள். ஊர்த்தெய்வம் தாகுராணி உன் தலைமேல் கைவைத்துக் காப்பாள், நீண்ட ஆயுசோடு இரு.

உன் அம்மா,
குந்தலா

வரமுடியாது என்றால் அதையாவது எழுதிவிடு. உன் அறைச் சுவரை வைத்தே மாட்டுக்கொட்டில் கட்டிவிடலாம் என்று அப்பா ஜெமாவிடம் சொல்லியனுப்பியிருக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.