சீட்டுக்கட்டுக்கு முறை கிடையாது

கோட்டைக்குப்பம்,
திங்கட்கிழமை

அன்பு மகன் ஹரிஹரனுக்கு, நைனா மாணிக்கம் சொல்லச் சொல்ல உன் தங்கை வெண்ணிலா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் இவளும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சோறும் கண்ணுக்குத் தூக்கமுமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். (அடைப்புக்குள் வருவதெல்லாம் என் சரக்கு, அண்ணா. நைனாவின் கண்ணாடி உடைந்து மூன்று மாதம் ஆகிறது, திருப்பிப் படிக்க மாட்டார், ஆகையால் தைரியமாக எழுதுகிறேன். நீ இருக்கிற கோவா என்ற பேரிலேயே கோவும் இருக்கிறது வாவும் இருக்கிறது, உனக்கு மட்டும் முதல் பாதிதான் காதில் விழுந்திருக்கிறது.) போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் "டேபிள்ல கீறேன் நைனா, அப்பால பேசறேன்"னு வைத்துவிடுகிறாய், அந்த அப்பால இன்னும் வரவில்லை. உன்னோடு ஓட்டல் சமையற்கட்டில் வேலை செய்யும் சின்னப்பன் தங்கை கல்யாணத்துக்கு வந்தவன் இன்று ராத்திரி ரயிலேறுகிறான், புதன்கிழமை இதை உன் கையில் கொடுப்பான். நீ வேலைக்குப் போகாமல் நின்று ஒரு மாதம் ஆகிறது என்று அவன் வாயிலிருந்துதான் தெரிந்துகொண்டோம். அம்மா அதைக் கேட்டதும் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். திட்டியிருந்தால் எனக்குப் பயம் இருந்திருக்காது.

ஏரி நன்றாக இல்லை. முகத்துவாரத்தில் மணல் ஏறி முழங்கால் தண்ணீர்தான் நிற்கிறது, கடல் உள்ளே வரவில்லை, நாலு நாளாகத் தண்ணீர் அசையவே இல்லை. பச்சையாகப் படிந்து கிடக்கிறது. காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, அதைக் கையால் அள்ளலாம், ஆனால் அள்ள யாருக்கும் மனசு வரவில்லை. அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. வெண்ணிலா போன வாரம் பொன்னேரி பஸ்ஸில் கண்டக்டரிடம் சீட்டு கேட்டு, "உக்கார்ற சீட்டா கிழிக்கிற சீட்டா"னு அவர் கேட்டதற்கு "எங்க அண்ணன் ஆடற சீட்டு"னு சொல்லி பஸ் முழுக்கச் சிரிக்க வைத்திருக்கிறாள். நீ என்ன செய்கிறாய் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. (தெரியாதவர் அந்த டிரைவர் ஒருவர்தான், அவருக்கும் சொல்லிவிட்டேன்.)

விஷயத்துக்கு வருகிறேன். நீ பத்தாவது ஆளாகத் தோற்று வெளியே வந்த அந்த ஆட்டத்தைப் பற்றி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாயே, அதை இவள் எட்டுத் தடவை போட்டுக் காட்டினாள். போன பொங்கலுக்கு நீ வந்தபோது இந்தப் போக்கரை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனது நல்லதா கெட்டதா தெரியவில்லை, நீ சொன்னதெல்லாம் எங்களுக்குப் புரிந்துவிட்டது. பாயை விரித்து அந்த ஒரு கையை மட்டும் நாங்கள் மூன்று பேரும் ஆடிப் பார்த்தோம். பந்தயம் வைக்கிற சிப்ஸுக்குப் பதில் சிப்பி. மிச்சம் இருந்தது பத்துப் பேர், ஒன்பது பேர் மறுநாள் மேசைக்குப் போவார்கள், ஒருத்தர் விழுந்தால் நீ உள்ளே. உன்னிடம் இருந்த சிப்ஸ் இன்னும் இரண்டு சுற்றுத் தாங்கும். மூலையில் இருந்த ஆந்திராக்காரருக்கு மூன்று கைகூடத் தாங்காது, அடுத்த கையில் அவர் கட்டாயமாகப் பந்தயம் வைக்கவேண்டிய முறை. முதல் இடத்தில் இருந்த நரைத்த தலைக்காரர் ஒரு மணி நேரமாக எல்லாவற்றையும் ஆடாமல் மடக்கிப் போட்டுக்கொண்டிருந்தவர், அந்தக் கையில் பந்தயத்தை ஏற்றினார். உன் கையில் ராஜாவும் எட்டும். நீ "ஆல் இன்"னு சொல்லி எல்லாவற்றையும் தள்ளிவிட்டாய். அவர் இரண்டு ராணியைத் திருப்பினார், அதோடு முடிந்தது. (ஆல் இன் என்றால் இன்னா என்று அம்மா கேட்டாள். இருக்கிற எல்லாத்தையும் உள்ளே தள்ளுவது என்றேன். "ஆளையே உள்ள தள்றதுனு சொல்லு"னு அவள் சொன்னாள். நான் சொல்லவேண்டிய ஜோக்கை அவள் சொல்லிவிட்டாள், அதுவும் சிரிக்காமல்.)

பாயில் நான் உன் இடத்தில் உட்கார்ந்தேன், அம்மா நரைத்த தலைக்காரர், வெண்ணிலா ஆந்திராக்காரர், அவளிடம் ரெண்டே சிப்பி. இருபது தடவை மீதிச் சீட்டைக் கலைத்துக் கலைத்துப் பிரித்தோம். ஆறு தடவை நான் ஜெயித்தேன், பதினாலு தடவை அம்மாவின் ராணிகள் ஜெயித்தன. ஆறாவது தடவை ஜெயித்தபோது நான் பெருமையாக மீசையைத் தடவினேன். அப்போது இவள், "நைனா, ரெண்டு சிப்பி வெச்சுக்கினு நான் செத்துக்கினு கீறேன், நீ ஏன் எனக்கு முன்னாடி சாவ ஓடற"னு கேட்டாள். அம்மா தன் பங்குக்கு, "ஒரு மணி நேரமா சும்மா குந்தினு இருந்த ஆளு கை நீட்டுனா சும்மாவா நீட்டுவான், அதுகூட உம் பிள்ளைக்குத் தெரியலயா"னு கேட்டாள். போக்கரைப் பற்றி ஒன்றும் தெரியாத இரண்டு பேர் சொன்னது இது. நீ மடக்கிவிட்டு ஒரு கை சும்மா இருந்திருந்தால் போதும். இதெல்லாம் உனக்குத் தெரியாததும் இல்லை, எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். அப்படியானால் ஏன் தள்ளினாய் என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு வாய்ஸ் மெசேஜை இன்னொரு தடவை போடச் சொன்னேன். அதில் நடுவில் ஒரு வார்த்தை சொல்கிறாய், கேட்டுப்பார். "பதினோரு கை குப்பையா வந்துச்சு நைனா, இது என் முறை."

அங்கேதான் மெசேஜை நிறுத்தச் சொன்னேன். இது சீட்டாடுகிறவன் பேச்சு இல்லை ஹரி, இது நம் ஊர்ப் பேச்சு. ஏரியில் முறை வைத்து வலை போடுகிற நம் பாடு அப்படித்தான். இன்றைக்கு வடக்கே வெறும் வலையைத் தூக்குகிறவன், முறை சுற்றி வந்ததும் முகத்துவாரத்தில் இறால் அள்ளுவான், பொறுத்தவனுக்கு வந்தே தீரும், பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. ஆனால் அந்த முறை தானாக வருவதில்லை. ஏரி உன் முகத்தைப் பார்த்துக் கொடுப்பதும் இல்லை. நாற்பது பேர் உட்கார்ந்து, சீட்டுக் குலுக்கி, இவனுக்கு இந்த நாள் இந்தத் தண்ணீர் என்று எழுதி, எழுதியதை மீறாமல் காவல் இருப்பதால் வருகிறது. அந்தச் சீட்டுக்கட்டுக்குள் யார் உட்கார்ந்து உனக்கு முறை வைத்திருக்கிறார்கள்? பதினோரு கை குப்பை வந்ததற்காகப் பன்னிரண்டாவது கை உன்னிடம் கடமைப்பட்டிருக்கிறதா? இப்போது வருகிற ஞாயிற்றுக்கிழமை இன்னும் பெரிய ஆட்டம் இருக்கிறது, இது மூன்றாவது தடவை, இந்தத் தடவை விடமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அந்த மூன்றாவது தடவை என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஆட்டத்தில் உன்னை உட்காரவைப்பது யார் என்பதும் தெரிந்துவிட்டது. போன வியாழக்கிழமை ஒரு வெள்ளைக் காரில் இரண்டு பேர் வந்தார்கள். உன் சிநேகிதர்கள் என்றார்கள். ஒருவர் நன்றாகப் பேசினார், வெண்ணிலாவுக்கு மிட்டாய்ப் பெட்டிகூட வாங்கி வந்திருந்தார். இன்னொருவர் வாயே திறக்கவில்லை, டீயையும் தொடவில்லை, வாசலில் நின்று படகையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியவர் உன் ஆட்டத்தை ரொம்பப் புகழ்ந்தார், "உங்க பிள்ளை மேல நம்பிக்கை வெச்சுத்தான் நாங்க பணம் கட்டி ஆட்டத்துல சீட்டு வாங்கிக் கொடுத்திருக்கோம், அவரும் உங்க ஏரிப் பாட்டை ஈடாக் காட்டித்தான் பேசியிருக்காரு"னு சொல்லிவிட்டு, "ஏரியில உங்க பேர்ல மொத்தம் எத்தனை ஏக்கர் சார்"னு கேட்டார். எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் உள்ளே மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டாள். "தண்ணிக்கு ஏதுப்பா ஏக்கரு, பாடுன்னா முறை, இன்னிக்கு எங்களுக்கு நாளைக்கு வேற ஒருத்தருக்கு, விக்கவும் முடியாது வாங்கவும் முடியாது"னு சொன்னாள். வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். பேசியவரின் சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது, கண் மட்டும் மாறியது. பேசாதவர் அப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். உன் கையில் என்ன இருக்கிறது என்பதை அம்மா திருப்பிக் காட்டிவிட்டாள், ஹரி. இல்லாத சீட்டை இருப்பதாகக் காட்டி உட்கார்ந்திருக்கிறாய், அதற்கு நீங்கள் ப்ளஃப் என்று ஒரு பெயர் சொல்வீர்கள். மேசையில் அது ஆட்டம். இவர்களிடம் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. பழவேற்காட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் வந்து படகோரம் நிற்கிறார்கள், என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், என்ஜின் எப்போது வாங்கியது, படகு யார் பேரில் என்று கேட்கிறார்கள். பாடு முறையை நடத்துகிற வரதன் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பட்டியலைப் பேசாதவர் போனில் படம் எடுத்துக்கொண்டார். நேற்று வெண்ணிலாவை நிறுத்தி, எத்தனாவது படிக்கிறாய், எத்தனை மணி பஸ்ஸில் போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். இவளை நாளைக் காலையில் எளாவூரில் சுதா அத்தை வீட்டுக்கு அனுப்புகிறேன். (எந்த பஸ் என்று கேட்டதற்கு ஆறாவது விரலைப் போல ஏதாவது கோணலாகப் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால், அண்ணா, உண்மையான மணியைச் சொல்லிவிட்டேன். மிட்டாய்ப் பெட்டியை யாரும் பிரிக்கவில்லை.)

இனி நான் சொல்லப்போவதைக் கோபமில்லாமல் கேள். அதே ஞாயிற்றுக்கிழமைதான் இங்கே பாடு முறைக்குச் சீட்டுக் குலுக்குகிறார்கள். ஆள் நேரில் வந்து தன் சீட்டைத் தன் கையால் எடுக்க வேண்டும் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் வருஷம் உனக்கு ஜுரம் என்று சொல்லிக் கேட்டேன், விட்டார்கள். போன வருஷம் லீவு கிடைக்கவில்லை என்று கேட்டேன், வரதன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "உம் மூஞ்சிக்காக விடறேன் மாணிக்கம், அடுத்த தபா வாயத் தொறக்காத"னு சொன்னான். மூன்றாம் வருஷமும் ஆள் இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்கள். அடித்த பெயரைத் திரும்ப எழுதி நான் பார்த்ததில்லை. நேற்று வரதன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். அவன் நான் கேட்கப்போகிறேன் என்று நினைத்து முன்னாலேயே தலையை ஆட்ட ஆரம்பித்தான். இந்தத் தடவை என் மகனுக்காக நான் கேட்க மாட்டேன், வந்தால் எடுப்பான், வராவிட்டால் அடித்துவிடு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அம்மா அதிலிருந்து எனக்குச் சோறு போடுகிறாள், முகத்தைப் பார்க்கவில்லை.

வந்தால் இங்கே அந்த இரண்டு பேர் நிற்பார்கள், அதை மறைத்து உன்னை வரச்சொல்ல எனக்கு மனசில்லை. அவர்களே சொல்லிவிட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை சீட்டுக் குலுக்குவதைப் பார்க்க வருவார்களாம். ஆனால் நாற்பது பேர் நடுவில் நீ உட்கார்ந்திருக்கும்போது இரண்டு பேர் நின்று என்ன செய்துவிட முடியும், வாங்கிய பணத்துக்கு இன்ன வழி என்று ஊர் நடுவில் பேசிக்கொள்ளலாம், படகு போனாலும் போகட்டும், கூலிக்குப் போய் மறுபடி கரையேறிக்கொள்ளலாம். அங்கே அந்த மேசையில் நீ தனி ஆள். இரண்டு நாள் ஆடி ஜெயித்தாலும் அவர்கள் உன்னை எழுந்திருக்க விடமாட்டார்கள், அடுத்த மேசையில் உட்காரவைப்பார்கள், தோற்றால் சொல்லவே வேண்டாம். மடக்குவது தோற்பது இல்லை, அடுத்த கைக்கு உயிரோடு இருப்பது என்று பொங்கலன்று பாயில் உட்கார்ந்து எனக்குச் சொன்னவன் நீ. எனக்கு அந்த ஆட்டத்தில் பிடித்தது அது ஒன்றுதான்.

வேளைக்குச் சாப்பிடு, குடிக்கிறாய் என்று சின்னப்பன் மழுப்பிக்கொண்டே சொன்னான், அதை விடு. அம்மா கருவாடு கொடுத்து அனுப்புகிறாள், நனையாமல் வை. நீ எங்கே இருந்தாலும் நம் குலசாமி உன் கூடவே நிற்கட்டும், கை கால் சுகத்தோடு நூறு வயது இரு. ஒன்று மட்டும் மறக்காதே. புறப்பட்டால் போன் செய்யாதே, உன் போனை இப்போது யார் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. வராவிட்டாலும் போன் செய்து காரணம் சொல்லாதே. ஞாயிறு காலை பத்து மணிக்கு வரதன் உன் பெயரை மூன்று தடவை கூப்பிடுவான். மூன்று தடவையும் நான் தலையைக் குனிந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன்.

உன் நைனா,
மாணிக்கம்